வெளியூரில் இருந்துகொண்டு வீட்டு கேபிள் டிவி: பெட்டி வைப்பது வெட்டி வேலையா?

கேள்வி, 2025 ஜூன் 3

மாதத்தில் பாதி நாள் வேலைக்காக வெளியே சுற்றுகிறேன். வீட்டில் கேபிள் ஓடுகிறது, பணம் கட்டுகிறேன், வெளியே போனால் பார்க்க முடிவதில்லை. செட்டாப் பாக்ஸில் ஓடுவதை அப்படியே நெட்டில் அனுப்பிப் பார்க்கலாம் என்று படித்தேன். கூட வேலை பார்ப்பவர், "சேனலுக்கு சேனல் ஆப் வந்தாச்சு, இனி இதெல்லாம் வெட்டி வேலை" என்கிறார். அப்படித்தானா?

ஜூன் 3, இரவு

வெட்டி வேலை இல்லை. பல வருஷமாக இப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், விடப் போவதும் இல்லை.

ஆப்பில் என்ன தெரியவேண்டும் என்பதை சேனல்காரரும் உரிமை வைத்திருப்பவரும் முடிவு செய்கிறார்கள். டிவியில் ஓடுகிற மேட்ச் ஆப்பிலும் ஓடியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒளிபரப்பு உரிமை தனி, இணைய உரிமை தனி, அதிலும் நாட்டுக்கு நாடு தனி. எல்லை தாண்டியதும், எந்த நாட்டு இணைப்பு என்று காட்டிக்கொடுக்கும் ஐபி முகவரியைப் பார்த்துவிட்டு "உங்கள் பகுதியில் கிடைக்காது" என்று சொல்லிவிடும். உள்ளூர் கேபிள் சேனல் பலவற்றுக்கு ஆப்பே கிடையாது. வீட்டுப் பெட்டியிலிருந்து வரும் படத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வீட்டில் என்ன ஓடுகிறதோ அதுதான் கையிலும் ஓடும், விளம்பரம் உட்பட.

ஆனால் இரண்டு விஷயத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஒன்று, வீட்டு இணைப்பின் அப்லோடு வேகம். இன்னொன்று, வீட்டுக்கும் உங்கள் கைக்கும் நடுவில் ஏதாவது கம்பெனியின் சர்வர் உட்கார்ந்திருக்கிறதா என்பது. முதலாவது சரியில்லை என்றால் படம் திக்கும். இரண்டாவது சரியில்லை என்றால் என்றைக்காவது ஒருநாள் மொத்தமாக நின்றுபோகும்.

ஜூன் 4

நடு சர்வர் பற்றி ஏன் இவ்வளவு பயம் என்று கேட்டிருக்கிறார்கள். ஸ்லிங்பாக்ஸ் கதை தெரிந்தால் கேட்கமாட்டீர்கள்.

இந்த யோசனையையே பரவலாக்கியது அந்தப் பெட்டிதான். பிளேக் கிரிகோரியன், ஜேசன் கிரிகோரியன் என்று இரண்டு சகோதரர்கள். 2002இல் சான் பிரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸ் பேஸ்பால் அணி நன்றாக ஆடிக்கொண்டிருந்த சமயம், இவர்கள் வேலையாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டு டிவியில் ஓடுகிற மேட்ச் போகிற இடத்தில் கிடைக்கவில்லை. அந்த ஆதங்கத்தில் பிறந்ததுதான் ஸ்லிங் மீடியா. 2005 ஜூன் 30 அன்று பெட்டி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. யூடியூபுக்கே அப்போது சில மாத வயதுதான், ஐபோன் வர இன்னும் 2 வருஷம் இருந்தது.

வேலை செய்யும் விதம் எளிமை. செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் படத்தையும் ஒலியையும் வாங்கிச் சுருக்கி, ரவுட்டர் வழியாக வெளியே அனுப்பும். நீங்கள் தொலைவிலிருந்து சேனல் மாற்றினால், பெட்டியிலிருந்து ஒரு வயர் வழியாக சின்ன இன்ஃப்ராரெட் பல்பு மின்னி, ரிமோட் அழுத்தியதுபோல் செட்டாப் பாக்ஸை நம்பவைக்கும்.

2007இல் எக்கோஸ்டார் நிறுவனம் 38 கோடி டாலருக்கு அதை வாங்கியது. 2020 நவம்பரில் இனி பெட்டி விற்கமாட்டோம் என்று அறிவித்தார்கள். 2022 நவம்பர் 9 அன்று சர்வரை அணைத்தார்கள். அன்றைக்கு உலகம் முழுக்க இருந்த பெட்டிகள் கெட்டுப்போகவில்லை. மின்சாரம் ஏறியது, படம் வந்தது, விளக்கு எரிந்தது. ஆனால் உள்நுழைவதும் "என் வீட்டுப் பெட்டி எங்கே இருக்கிறது" என்று தேடிப் பிடிப்பதும் கம்பெனி சர்வர் வழியாக நடந்ததால், ஆப்பைத் திறந்தால் ஒன்றும் கிடைக்கவில்லை. படம் பொதுவாக அந்தக் கம்பெனிக்குப் போய்த் திரும்பவேண்டிய அவசியம் இருந்ததில்லை. வீட்டிலிருந்து நேராக உங்கள் கைக்கு வரக்கூடியதுதான். விலாசம் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் மொத்தமும் நின்றது.

ஜூன் 4, கொஞ்சம் கழித்து

பழைய ஸ்லிங்பாக்ஸ் பரணில் கிடக்கிறது, குப்பையில் போடலாமா என்று கேட்டவருக்கு: போடாதீர்கள். ஸ்லிங்கர் என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது, ஆர்வலர் எழுதியது. வீட்டில் ஒரு ராஸ்பெர்ரி பை மாதிரி சின்னக் கணினியில் ஓடவிட்டால் அது உள்ளூர் நெட்வொர்க்கிலேயே பெட்டியோடு பேசிப் படத்தை வாங்கி உங்களுக்கு அனுப்பும். எல்லா மாடலுக்கும் ஒத்துவராது, மாடல் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 7

அப்லோடு. இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பத்தில் ஒன்பது புகார் இங்கேதான் வந்து முடிகிறது.

இணைப்பு வாங்கும்போது எல்லாரும் டவுன்லோடு எண்ணைத்தான் பார்க்கிறார்கள். வீட்டிலிருந்து படத்தை வெளியே அனுப்பும்போது வீடுதான் சர்வர், எனவே அப்லோடுதான் கணக்கு. கேபிள் வழி இணையத்தில் அது பரிதாபமாக இருப்பதற்குக் காரணம் அந்த வயரிலேயே இருக்கிறது. வட அமெரிக்க முறையில் கேபிளின் 54 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள இடம் முழுக்க வீட்டுக்கு வருவதற்கு ஒதுக்கியது. வீட்டிலிருந்து போவதற்கு 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒரு சந்துதான். 54க்கு மேலே டிவி சேனல்கள் ஏற்கெனவே குடியிருந்ததால் இணையம் வந்தபோது மேல்நோக்கிப் போக மிச்சம் கிடைத்த இடம் அதுதான். அந்தச் சந்திலும் வீட்டுக்கு வீடு மின்சாதனங்களின் இரைச்சல் வந்து சேரும். இப்போது 85 வரை, 204 வரை என்று அகலப்படுத்துகிறார்கள். உங்கள் தெருவுக்கு வந்துவிட்டதா என்பதை அப்லோடு வேகமே காட்டிவிடும்.

எவ்வளவு வேண்டும்? ஹெச்.264 என்ற வீடியோ சுருக்க முறையில் சுருக்கினால் 720 வரிப் படத்துக்கு 3 முதல் 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) தாராளம். செய்தி, தொடர் என்றால் 2லேயே நன்றாக இருக்கும். மேட்சுக்குத்தான் பசி அதிகம்: புல்தரை, கூட்டம், ஓடும் கேமரா, எல்லாமே சுருக்கத்துக்கு எதிரி. 4 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 1.8 ஜிபி போகும். போகிற இடத்தில் மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைச் சோதிப்பதைக் காலையில் செய்யாதீர்கள். தெருவே நெட்டில் உட்கார்ந்திருக்கும் ராத்திரி நேரத்தில், கணினியை ரவுட்டரில் வயர் போட்டு இணைத்துச் சோதியுங்கள். அப்போது கிடைக்கும் எண்ணில் பாதியைத்தான் நம்பலாம். மீதி வீட்டில் இருப்பவர்களுக்கு.

ஜூன் 8

ஃபைபர் வைத்திருப்பவர் ஒருவர் "எனக்கு ரெண்டு பக்கமும் ஒரே வேகம், நீங்கள் சொல்வது பொருந்தாது" என்கிறார். பொருந்தாது, சரிதான். மேலே எழுதியது கோஆக்சியல் வயருக்கு. ஐரோப்பிய முறையில் கேபிள் சந்து 65 வரை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 12

செட்டாப் பாக்ஸிலிருந்து படத்தை எப்படி வெளியே எடுப்பது என்பதற்கு வருகிறேன்.

பழைய பெட்டிகளில் பின்னால் கம்பொனென்ட் வெளியீடு இருக்கும்: பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் படத்துக்கு, இன்னொரு சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. அனலாக் சிக்னல், பூட்டு கிடையாது, தாராளமாக எடுக்கலாம். ஸ்லிங்பாக்ஸ் மாதிரியான பெட்டிகள் வாழ்ந்ததே இந்த மாதிரி அனலாக் குழிகளை நம்பித்தான். புதிய செட்டாப் பாக்ஸ்களில் ஹெச்டிஎம்ஐ ஒன்றுதான் வைக்கிறார்கள். அதில் ஹெச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டு உண்டு. அங்கீகாரம் இல்லாத கருவியைச் சொருகினால் கருப்புத் திரைதான். பூட்டை உடைக்கிற பிரிப்பான்கள் பற்றி இங்கே கேட்காதீர்கள், பல நாடுகளில் அது சட்டத்தை மீறுவது. அமெரிக்காவில் 1998இன் டிஎம்சிஏ பதிப்புரிமைச் சட்டமே அதற்கென்று இருக்கிறது. என் யோசனை, மாதச் சந்தா கொடுக்கிற கேபிள்காரரிடம் கேட்டு அனலாக் வெளியீடு உள்ள பழைய மாடல் செட்டாப் பாக்ஸை வாங்கிவிடுங்கள். கேட்டால் சிலர் கொடுக்கிறார்கள்.

இனி இன்ஃப்ராரெட் பல்பு. பட்டாணி அளவுதான் இருக்கும், அதை செட்டாப் பாக்ஸின் கண்ணுக்கு நேரே ஒட்டவேண்டும். அந்தக் கண் எங்கே என்று வெறும் பார்வைக்குத் தெரியாது, கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். டார்ச் அடித்தால் உள்ளே சின்னக் குமிழ் தெரியும். செட்டாப் பாக்ஸ் சூடாகிற பெட்டி. கூடவே வரும் ஒட்டுப் பசை வெயில் காலத்தில் இளகும், பல்பு மெல்ல மெல்லக் கீழே சரியும், ஒருநாள் சேனல் மாறாது. நீங்கள் ஆயிரம் மைல் தள்ளி நின்று பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பீர்கள். நான் இப்போது பசையை நம்புவதில்லை. வயரைப் பெட்டியின் மேல் வளைத்து இறுக்கமாக டேப் போட்டு, பல்பு முனை கண்ணுக்கு முன்னால் ஒரு விரல் இடைவெளி விட்டுத் தொங்கும்படி வைக்கிறேன். காய்கிற கண்ணாடியில் தொடவே தொடாது. பல்பு மின்னுகிறதா என்று சந்தேகம் வந்தால் போன் கேமராவில் பாருங்கள், பல போன்களில் ஊதா நிறத்தில் தெரியும்.

ஜூன் 13

ஒரே செட்டாப் பாக்ஸை வீட்டாரும் நீங்களும் பகிர்வதாக இருந்தால் முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுங்கள். நீங்கள் மாற்றுகிற சேனல் வீட்டு டிவியிலும் மாறும்.

அப்பா தனியாக இருந்த ஒரு மாலை போன் வந்தது. "டிவிக்கு என்னமோ ஆச்சுடா. செய்தி வெச்சா தானா மேட்ச்சுக்குப் போகுது. மறுபடி வெச்சேன், மறுபடி போகுது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு." நான் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து, செய்தி தானாக வந்துவிடுகிறதே என்று மறுபடி மறுபடி மேட்சுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். "அப்பா, அது நான்தான்" என்றதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, மேட்ச்சே இருக்கட்டும், ஸ்கோர் என்ன?" என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்தோம். அவருக்கு என்னைவிட பத்து நொடி முன்னால் தெரியும். விக்கெட் விழுந்ததை அவர் சத்தம் போட்டுச் சொன்ன பிறகுதான் எனக்குப் பந்து வீசவே ஓடி வருவார்கள்.

அதற்குப் பிறகு எனக்கென்று இரண்டாவது இணைப்பு எடுத்துவிட்டேன். கட்டுப்படியாகிறவர்கள் அப்படியே செய்யுங்கள்.

ஜூன் 20

"கணினியிலேயே ட்யூனர் (சேனல் பிடிக்கும் கருவி) போட்டால் செட்டாப் பாக்ஸே வேண்டாமே?" நல்ல கேள்வி, சில இடங்களில் சாத்தியம்.

சிலிக்கான்டஸ்ட் நிறுவனத்தின் ஹெச்டிஹோம்ரன் வகைப் பெட்டிகள் நெட்வொர்க் ட்யூனர்கள். ஆன்டெனா வயரையோ கேபிளையோ ஒரு பக்கம், ரவுட்டரை மறு பக்கம் இணைத்தால் வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் எந்தத் திரையிலும் சேனல் ஓடும். பல்பு, பசை, கண் எதுவும் வேண்டாம். அமெரிக்காவில் பூட்டிய கேபிள் சேனல்களுக்குக்கூட கேபிள்கார்டு என்ற அட்டையைச் சொருகி இதைச் செய்ய முடிந்தது. 1996இன் தொலைத்தொடர்புச் சட்டம் வாடிக்கையாளர் தன் சொந்தப் பெட்டியை வைத்துக்கொள்ள வழி இருக்கவேண்டும் என்று சொன்னதன் விளைவு அது. 2020 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, அந்த அட்டையைக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. புதிதாக இந்த வழியில் இறங்க இனி யாருக்கும் சொல்லமாட்டேன். இருப்பவர்கள் ஓடும்வரை ஓட்டலாம்.

ஆன்டெனாவில் வரும் இலவசச் சேனல்களே போதும் என்பவர்களுக்கு நெட்வொர்க் ட்யூனர்தான் ராஜா. ஒரே ஒரு சிக்கல்: ஒளிபரப்பில் வருகிற படம் பெரும்பாலும் கொழுத்த படம். அமெரிக்க ஏடிஎஸ்சி டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில் ஒரு அலைவரிசை 19.39 எம்பிபிஎஸ் வரை சுமக்கும். அதை அப்படியே வெளியே அனுப்ப பல கேபிள் இணைப்புகளின் அப்லோடு தாங்காது, வழியில் மறுசுருக்கம் செய்யவேண்டும். அதற்குப் பெரிய கணினி தேவையில்லை. 2011க்குப் பிறகு வந்த இன்டெல் சிப்கள் பலவற்றில் க்விக் சிங்க் என்று இந்த வேலைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பழைய மடிக்கணினி ஒன்று சத்தமில்லாமல் செய்யும். ராஸ்பெர்ரி பை வாங்குகிறவர்கள் கவனிக்கவும்: 5ஆவது தலைமுறையில் ஹெச்.264 சுருக்கும் வன்பொருளை எடுத்துவிட்டார்கள். இந்த ஒரு வேலைக்கு 4 தான் மேல்.

ஜூலை 2

இதை ஓட்டல் அறையில் இருந்து எழுதுகிறேன், இன்றைக்கு வந்த பிரச்சினை சூட்டோடு சூடாக.

வீட்டோடு இணைய வயர்கார்ட் என்ற விபிஎன் (நெட்டுக்குள்ளேயே பூட்டிய தனிப் பாதை) வைத்திருக்கிறேன். ரவுட்டரின் போர்ட்டை (உள்ளே வரும் எண்ணிட்ட வாசலை) வெளியே திறந்துவைத்து யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கட்டும் என்று விடுவதை நான் ஏற்பதில்லை. விபிஎன் வழியாக உள்ளே போனால் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். வயர்கார்ட் சின்ன நிரல், 2020இல் லினக்ஸ் கருவுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது, வேகமும் அதிகம். ஆனால் அது யுடிபி என்ற அனுப்பும் முறையில் மட்டும்தான் போகும். இந்த ஓட்டலின் வைஃபை, இணையப் பக்கங்கள் போகும் டிசிபி முறையின் 443, 80 போர்ட்கள் தவிர எதையும் விடமாட்டேன் என்கிறது. இணைப்புச் சாவி சரி, வீட்டு ரவுட்டர் சரி, ஒரு பைட்கூடத் திரும்பி வரவில்லை.

இதற்காகத்தான் வீட்டில் ஓபன்விபிஎன் ஒன்றையும் 443ஆம் டிசிபி போர்ட்டில் தூங்கவிட்டிருக்கிறேன். இந்த வைஃபைக்கு அது வழக்கமான இணையப் போக்குவரத்துபோல் தெரிகிறது போலும், விட்டுவிட்டது. வேகம் குறைவு, டிசிபிக்குள் டிசிபி என்பதால் லைன் தடுமாறினால் படமும் சேர்ந்து தடுமாறும். ஆனாலும் படம் வருகிறது. யாரும் வயர்கார்டை மட்டும் நம்பிப் பெட்டி கட்டாதீர்கள்.

அறை வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் வேறு இருக்கும். அறை எண், பெயர் எல்லாம் கேட்கும். டிவியில் சொருகும் ஸ்டிக்கில் அந்தப் பக்கத்தை நிரப்புவது நரகம். உள்ளங்கை அளவுப் பயண ரவுட்டர் ஒன்று வாங்கி, போனிலிருந்து ஒருமுறை அதன் வழியாக உள்நுழைந்துவிட்டால், மீதிக் கருவிகள் எல்லாம் அதைப் பிடித்துக்கொள்ளும். விபிஎன்னையும் ரவுட்டரிலேயே போட்டுவிடலாம்.

ஜூலை 3

"எனக்கு வீட்டு ஐபி முகவரியே உள்ளே நுழைய விடவில்லை, போர்ட் திறந்தும் பயனில்லை" என்பவருக்கு: ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஆரம்பித்தால் உங்கள் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோடுகிறது. 2012இல் இதற்கென்றே ஒதுக்கிய முகவரிகள் இவை. வெளியிலிருந்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. பொது முகவரி கேளுங்கள், அல்லது ஐபிவி6 (புதிய வகை முகவரி) இருக்கிறதா பாருங்கள், இரண்டும் இல்லையென்றால் வெளியே ஒரு சின்ன வாடகை சர்வர் எடுத்து, வீடு அதனோடு போய் இணையட்டும், நீங்களும் அதனோடு போய் இணையுங்கள்.

ஜூலை 4

மேலே எழுதியதையும் முதல் நாள் எழுதியதையும் சேர்த்துப் படித்த ஒருவர் பிடித்துக்கொண்டார்: "நடுவில் சர்வர் கூடாது என்றீர்கள், இப்போது வாடகை சர்வர் எடு என்கிறீர்கள்."

நியாயமான கேள்வி, ராத்திரி முழுக்க யோசித்தேன். வாடகை சர்வர் நாளைக்கு மூடினால் மறுநாள் இன்னொரு இடத்தில் எடுத்து, அதே சாவியைப் போட்டு, அரை மணி நேரத்தில் திரும்ப வந்துவிடுவேன். ஸ்லிங்பாக்ஸ் வைத்திருந்தவருக்கு அந்த வழி இல்லை. அந்தப் பெட்டிக்கு அந்தக் கம்பெனியைத் தவிர வேறு யாரையும் கேட்கத் தெரியாது. எனவே இப்படிச் சொல்கிறேன்: நடுவில் யார் இருந்தாலும் பரவாயில்லை, அவரை நாம் மாற்ற முடியவேண்டும். டெய்ல்ஸ்கேல் மாதிரி விபிஎன் சேவைகளுக்கும் இதே அளவுகோல்தான். வசதியானது, கடினமான நெட்வொர்க்குகளிலும் உள்ளே புகுந்துவிடும். அதன் ஒருங்கிணைப்பு சர்வருக்கு மாற்றாக ஹெட்ஸ்கேல் என்று நாமே ஓட்டக்கூடியது இருப்பதால் எனக்கு உறுத்தவில்லை.

ஜூலை 15

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டவர்களுக்கு. வக்கீல் இல்லை, தீர்ப்புகளை ஆர்வத்தில் படிப்பவன்.

ஜப்பானில் மனேகி டிவி என்று ஒரு சேவை இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் வாடிக்கையாளர் தன் சொந்தக் காசில் வாங்கிய சோனி லொகேஷன்ஃப்ரீ பெட்டியை (ஸ்லிங்பாக்ஸ் மாதிரியானது) இவர்களிடம் கொடுப்பார். இவர்கள் ஆன்டெனா, மின்சாரம், இணையம் எல்லாம் கொடுத்துப் பராமரிப்பார்கள். பெட்டி ஒருவருக்கு ஒன்று, பார்ப்பதும் அவர் ஒருவரே. கீழ்க் கோர்ட்டுகளில் சேவைதான் ஜெயித்தது. 2011 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது: பெட்டிக்குள் ஒளிபரப்பைச் செலுத்துகிறவர்தான் அனுப்புகிறவர், பெட்டி யாருடையது என்பது பொருட்டில்லை.

அமெரிக்காவில் 2014 ஜூனில் டிவி ஒளிபரப்பைப் பிடித்து இணையத்தில் அனுப்பிய ஏரியோ என்ற சேவை உச்ச நீதிமன்றத்தில் 6-3 என்று தோற்றது. ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு குட்டி ஆன்டெனா என்று வைத்திருந்தார்கள், அப்படியும் தப்பவில்லை. அடுத்த வருஷம் ஜனவரியில் ஃபாக்ஸ் சேனலுக்கும் டிஷ் என்ற செயற்கைக்கோள் டிவி நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் வேறு மாதிரி வந்தது: சந்தாதாரர் தன் வீட்டுப் பெட்டியிலிருந்து தனக்கே ஸ்லிங் வழியாக அனுப்பிப் பார்ப்பது பொதுநிகழ்த்தல் (பொதுமக்களுக்குக் காட்டுவது) ஆகாது என்றார் நீதிபதி.

மூன்றையும் வைத்து நான் பிடித்துக்கொண்ட கோடு இது: பெட்டி என் வீட்டில் இருக்கும், சந்தா என் பெயரில் இருக்கும், பார்ப்பது நானும் என் வீட்டாரும். நண்பருக்குச் சாவி கொடுப்பதில்லை, இன்னொருவர் பெட்டியை என் வீட்டில் காசுக்கு வைத்துக்கொள்வதும் இல்லை. கேபிள்காரரின் ஒப்பந்தத்தையும் ஒருதரம் படியுங்கள், நாட்டுக்கு நாடு மாறும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2018 ஏப்ரல் 1 முதல், காசு கட்டிப் பார்க்கும் இணையச் சேவைகள் சந்தாதாரர் தற்காலிகமாக இன்னொரு உறுப்பு நாட்டில் இருக்கும்போதும் சொந்த நாட்டில் தெரிவதையே காட்டவேண்டும். ஆப் இருந்தால் போதும் என்று, முதலில் கேள்வி கேட்ட நண்பரின் கூட வேலை பார்ப்பவர் சொன்னது அங்கே ஓரளவு உண்மை.

ஜூலை 16

வீட்டுக் கணினியில் உள்ள பதிவுகளை எங்கிருந்தும் பார்க்க உதவும் ப்ளெக்ஸ் மென்பொருளைப் போட்டால் எல்லாம் முடிந்ததே என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். நல்ல மென்பொருள், மறுக்கவில்லை. ஆனால் 2025 ஏப்ரல் 29 முதல் வீட்டுக்கு வெளியே இருந்து நம் சொந்தப் பதிவுகளைப் பார்ப்பது அதில் கட்டண வசதி. அதே வேலையைச் செய்யும் ஜெல்லிஃபின் 2018இல் எம்பி (Emby) என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது, முழுக்க இலவசம், எந்தக் கம்பெனியிடமும் கணக்குத் திறக்கத் தேவையில்லை, நம் விபிஎன்னுக்குள் வைத்தால் நமக்கும் வீட்டுக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை. இடைமுகம் கொஞ்சம் கரடுமுரடு. நான் அதில்தான் இருக்கிறேன்.

ஜூலை 28

இத்தனை நாள் நேரலை நேரலை என்றே எழுதிவந்தேன். சென்ற வாரம் நேர வித்தியாசம் அதிகமுள்ள இடத்தில் இருந்தபோது வேறு மாதிரி தோன்றியது. அங்கே பொழுது விடிகிறபோது வீட்டில் இரவு நிகழ்ச்சிகள் முடிந்துபோயிருக்கும். நேரலை யாருக்கு?

இப்போது வீட்டில் ட்யூனர் பதிவு செய்கிறது, இரவில் மடிக்கணினி அதைச் சுருக்கி வைக்கிறது, நான் தூங்கும்போது அது என் டேப்லெட்டுக்கு இறங்கிவிடுகிறது. அப்லோடு 1 எம்பிபிஎஸ் இருந்தாலும் போதும், எட்டு மணி நேரத்தில் 3.6 ஜிபி வந்து சேரும். காலையில் ரயிலில், சிக்னலே இல்லாத இடத்தில், துளி பஃபரிங் இல்லாமல் பார்க்கலாம். மேட்சுக்கும் செய்திக்கும் மட்டும் நேரலை. மற்றதெல்லாம் பதிவு. அப்லோடு குறைவாக உள்ளவர்கள் முதலில் இந்த வழியைத்தான் பார்க்கவேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

பதிவு அட்டவணையை வீட்டு நேரத்திலேயே விடுங்கள். பயணத்தில் டேப்லெட்டின் நேரம் மாறும், சில ஆப்கள் நிகழ்ச்சி வழிகாட்டியை அதற்கேற்ப நகர்த்திக் காட்டும். எந்த நேரத்தைக் காட்டுகிறது என்று தெரிந்துகொண்டு பதிவு போடுங்கள்.

ஆகஸ்ட் 9

கிளம்புவதற்கு முன் என்ன பார்ப்பேன் என்று கேட்டிருந்தார்கள். வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஒரு மணி நேரம் பார்ப்பேன். வீட்டுக்குள் இருந்துகொண்டு சோதித்தால் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். செட்டாப் பாக்ஸின் மின்சேமிப்பு அமைப்பை அணைப்பேன், இல்லாவிட்டால் சில மணி நேரம் யாரும் ரிமோட்டைத் தொடவில்லை என்று தானாகத் தூங்கும். பிறகு மெயினை அணைத்துப் போடுவேன். கரன்ட் போய் வந்தால் ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், கணினி மூன்றும் யாரும் பொத்தானைத் தொடாமல் எழுந்து உட்காருகின்றனவா என்று பார்க்க. கணினிக்கு பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புகளில்) மின்சாரம் வந்ததும் இயங்கும்படி ஒரு அமைப்பு இருக்கும். செட்டாப் பாக்ஸ் உறைந்துபோகிற ஜாதி என்றால் அதற்கு ஒரு ஸ்மார்ட் ப்ளக், தொலைவிலிருந்து அணைத்துப் போட. ரவுட்டருக்கு ஸ்மார்ட் ப்ளக் போடாதீர்கள். அணைத்த பிறகு திரும்பப் போட வழி இருக்காது.

எல்லாம் வயரில் இருக்கட்டும். பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் வைஃபை வைத்துவிட்டு அப்லோடைத் திட்டுகிறவர்களைத் தினம் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 24

கேள்வி கேட்ட நண்பர் செய்து பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அனலாக் வெளியீடு உள்ள செட்டாப் பாக்ஸ் கிடைத்தது, விபிஎன் ஓடுகிறது, செய்தி நன்றாகத் தெரிகிறது. அப்லோடு ராத்திரியில் 2 எம்பிபிஎஸ்தான், மேட்ச் வைத்தால் பந்து எங்கே போகிறது என்றே தெரியவில்லை என்கிறார்.

அமைப்பில் 720 வரி, நொடிக்கு 25 பிரேம் என்று வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். 1080 இன்டர்லேஸ்டாக வரும் சேனலில் நொடிக்கு 50 அல்லது 60 அரைப்படங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தனித்தனிக் கணம். 25 பிரேமாக மாற்றும்போது அந்தக் கணங்களில் பாதி தொலைகிறது. பந்து தாவித் தாவிப் போவது அதனால்தான். டீஇன்டர்லேஸ் (அரைப்படங்களை முழுப்படமாக்கும்) அமைப்பில் பிரேமை இரட்டிப்பாக்கும் வகையைத் தேர்ந்தெடுத்து, நொடிக்கு 50 விடுங்கள். ரெசல்யூஷனை 480க்கு இறக்குங்கள். பிட்ரேட் (படம் அனுப்பும் வேகம்) 1.5 எம்பிபிஎஸ்ஸில் நிற்கட்டும், பாதி என்ற என் கணக்கை இங்கே கொஞ்சம் தளர்த்துகிறேன், மீதி வீட்டாருக்கு. மூலையில் இருக்கும் ஸ்கோர் கொஞ்சம் மங்கும், படிக்க முடியும். போனிலோ டேப்லெட்டிலோ பந்து வழுக்கிக்கொண்டு போவது தெரியும். செய்து பார்த்துவிட்டு என்ன செட்டாப் பாக்ஸ் மாடல் என்பதையும் எழுதுங்கள், அனலாக் வெளியீடு தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.